என் தும்மலும் பன்னிரண்டு மைக்ரோகிராமும்

என் தும்மல் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் ஆறு மாத உழைப்பை எரியும் உலையில் தள்ளப்போகிறது என்று நான் முழுமனதாக நம்பினேன். மூக்கு என்னுடையது. தும்மல் என்னுடையது. அது போய் விழுந்ததாக நான் நினைத்த இடம், இதய நோயுள்ள குழந்தைகளுக்கான மாத்திரையை எடைபோட உதவும் கற்கள் இருந்த பெட்டி. அன்று மனைவிக்கு போன் செய்து, "எனக்கு வேலை போச்சுன்னா பைக்கை வித்துடு" என்று சொன்னேன். "அந்த ஓட்டை பைக்கை யாரு வாங்குவா? வரும்போது கறிவேப்பிலை வாங்கிட்டு வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். என் வாழ்க்கையின் மிகப் பெரிய பேரிடருக்குக் கிடைத்த ஆறுதல் அவ்வளவுதான்.

போன மாதம் ஓய்வு பெற்றேன். நான் உட்கார்ந்திருந்த நாற்காலி இருந்த இடத்தில் இப்போது ஓர் இயந்திரக் கை நிற்கிறதாம். அதுவே கல்லை எடுக்கிறது, வைக்கிறது, எடைபோடுகிறது. அதற்கு மூக்கு கிடையாது. அதைப் பார்த்துவிட்டு அங்குள்ள இளையவர்கள், "அங்கிள், அந்தத் தும்மல் கதையை எழுதுங்க லா, நாங்க நம்பவே மாட்டேங்கிறோம்" என்று வாட்ஸ்அப்பில் நச்சரித்து எடுத்துவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஆய்வுக்கூடம் மலேசியாவின் சுங்கை வேயில், தொழிற்சாலைகளுக்கு நடுவில் இருக்கிறது. ஊரில் உள்ள தராசுகளும் எடைக்கற்களும் உண்மை சொல்கின்றனவா என்று பார்ப்பது எங்கள் வேலை. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் தருகிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் நான் கிள்ளானில் ஒரு லோரி எடைமேடையில் இருந்தேன். அங்கே எல்லாம் டன் கணக்கு. டிரைவர் இறங்கினாரா, உள்ளேயே உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிடுகிறாரா என்பது கூட எங்களுக்குப் பெரிய விஷயமில்லை. அப்படிப்பட்டவனைக் கூட்டிவந்து ஒரு மைக்ரோகிராமைக் காட்டினால் எப்படி இருக்கும்?

ஒரு சீனிப் பருக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். மேசையில் சிந்தினால் விரலால் ஒற்றி எடுப்போமே, அதில் ஒன்றே ஒன்று. அது ஏறக்குறைய அரை மில்லிகிராம் இருக்கும். அதை ஐந்நூறு பேருக்குச் சமமாகப் பங்குபோட்டால் ஆளுக்கு ஒரு மைக்ரோகிராம். முதல் வாரம் இதைக் கேட்டபோது, "பங்கு வாங்க வந்தவன் மூச்சு விட்டா பங்கு பறந்துடுமே மேடம்" என்றேன். "அதனாலதான் இங்க மூச்சு விடறதுக்கும் டிரெய்னிங் குடுக்கிறோம்" என்றார் என் மேலதிகாரி பிலோமினா மேடம். சிரிக்கவில்லை. பயிற்சிக் காலம் முழுவதையும் அந்த ஒரு வாக்கியத்தில் அடக்கிவிடலாம்.

ஆனால் உண்மையைச் சொல்லட்டுமா? அந்தச் சிறுமை என்னைப் பைத்தியமாக்கிவிட்டது. சாதாரணமாக ஒரு விரல் ரேகை பட்டால் பல மைக்ரோகிராம் ஏறிவிடும். தைராய்டு மாத்திரையில் உள்ள மருந்து மைக்ரோகிராம் கணக்குதான். அதைச் சுற்றி உள்ள வெள்ளை மாவெல்லாம் கையில் பிடிப்பதற்காக மட்டுமே. புகைமூட்டக் காலத்தில் கோலாலம்பூர் வானம் பழுப்பாகும்போது, காற்றை இழுத்துப் பிடித்த வடிகட்டித் தாள்கள் எங்களிடம் வரும். முன்பு எடுத்த எடைக்கும் இப்போதைய எடைக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் நாம் எல்லாரும் எவ்வளவு தூசியைச் சுவாசித்தோம் என்பது தெரியும். ஒரு தாளில் சில நூறு மைக்ரோகிராம் கூடியிருக்கும். அதற்காகப் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விடுவார்கள்! அதற்கும் கீழே இறங்கினால் நானோகிராம், ரத்தப் பரிசோதனை செய்கிறவர்களின் உலகம். அதற்கும் கீழே பிக்கோகிராம். ஒரே ஒரு பாக்டீரியாவைத் தராசில் உட்கார வைத்தால் அந்தக் கணக்கில்தான் வரும். எடைமேடையில் இருந்த காலத்தில் என்னைவிடக் கனமானவற்றையே பார்த்துக்கொண்டிருந்தவன், இப்போது கீழே எட்டிப் பார்த்தேன். அடியே தெரியவில்லை. பயமும் குதூகலமும் சேர்ந்தே வந்தன.

பிலோமினா மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. நல்ல குணத்தால் அல்ல, தராசுக்கு அருகில் சத்தமாகப் பேசினால் காற்று அசையும் என்பதால். அந்தப் பழக்கம் வெளியிலும் வந்துவிட்டது. சாப்பாட்டுக் கடையில் அவர் "தோசை" என்று கேட்பது பக்கத்தில் நிற்கிறவருக்கே கேட்காது. ஒவ்வொரு முறையும் நான்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

அவர் எடைபோடுவதைப் பார்க்க வேண்டும். அறைக்குள் போனதும் வேலையைத் தொடங்க மாட்டார். நாற்காலியில் உட்கார்ந்து சும்மா இருப்பார். உடம்புச் சூடு அறைக்குப் பழக வேண்டும். பிறகு கண்ணாடிக் கூண்டின் கதவைத் திறந்து, இடுக்கியால், எடை துல்லியமாகத் தெரிந்த எங்கள் கல்லை வைப்பார். எண் நிலைத்ததும் எடுத்துவிட்டு வாடிக்கையாளரின் கல். மறுபடியும் வாடிக்கையாளரின் கல். கடைசியில் மறுபடி எங்கள் கல். தராசு நேரம் போகப் போக ஒரு பக்கமாக நகரும். நம் கல் முன்னும் பின்னும் நின்றால் அந்த நகர்வு அடிபட்டுப் போகும். இதையே மறுபடியும் மறுபடியும் செய்வார். இடையில் நான் ஏதாவது அபிப்பிராயம் சொன்னால், "குணா, மெஷின் சொல்றத முதல்ல கேளு. நீ நினைக்கிறத டீ குடிக்கும்போது கேக்கிறேன்" என்பார்.

கற்கள் என்றால் கல் மாதிரி நினைக்காதீர்கள். பத்து மில்லிகிராம் கல் என்பது சிறிய உலோகத் தகடு. எடுப்பதற்கு வசதியாக ஒரு மூலை மட்டும் மேலே மடிந்திருக்கும். பெட்டியில் அதற்கென்று உள்ள குழியில் படுத்திருக்கும்.

சரி, தும்மலுக்கு வருவோம்.

சுபாங் ஜெயா பக்கத்தில் உள்ள ஒரு மருந்துத் தொழிற்சாலையிலிருந்து காதர் என்ற இளைஞர் தன் எடைப்பெட்டியைக் கொண்டுவந்தார். தரக் கட்டுப்பாட்டில் இருப்பவர். அப்பாவுக்குக் கிள்ளானில் ஜவுளிக்கடை. ஆண்டுதோறும் நடக்கும் சோதனைதான். ஆனால் அந்த முறை அவர் பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போகவில்லை.

"அண்ணே, இது கொஞ்சம் அவசரம். குழந்தைங்களுக்கான ஹார்ட் மாத்திரை, மொத்தமும் ரெடியா இருக்கு. ஒவ்வொரு மாத்திரையிலயும் மருந்து வெறும் மைக்ரோகிராம்தான். ஆஸ்பத்திரியில ஸ்டாக் குறைஞ்சிருச்சாம், தினமும் கேக்கிறாங்க. உங்க சான்றிதழ் வந்தாத்தான் மாத்திரை எங்க கேட்டைத் தாண்டும்."

"கல்லு சரியா இல்லன்னா?"

"அந்தக் கல்லை வச்சுத்தான் எங்க தராசையே சரிபார்த்தோம். அந்தத் தராசுல எடைபோட்ட மருந்துதான் மாத்திரையில இருக்கு. கல்லு தப்புன்னா எல்லாமே தப்பு. மொத்தத்தையும் எரிக்கணும். மறுபடி செய்ய மூலப்பொருள் வரணும், அதுக்கு எத்தனை மாசமோ." சிரிக்க முயன்றார். "கையெழுத்துப் போட்டது நான்தான் அண்ணே."

பெட்டியைத் தராசு அறையில் வைத்து, அறையின் குளுமைக்குப் பழகவிட்டோம். மறுநாள் காலை நான் மூடியைத் திறந்தேன். முகக்கவசம் தாடையில் இருந்தது. ஏன் அங்கே இருந்தது என்று கேட்காதீர்கள், எல்லாருக்கும் அது அங்கேதான் இருந்தது. மூடி திறந்த அதே நொடி மூக்கில் ஏதோ ஏறியது. முகத்தைத் திருப்பினேன். திருப்பினேன் என்றுதான் நினைக்கிறேன். தும்மினேன்.

யாரும் பார்க்கவில்லை. முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல் உட்கார்ந்து, மேடம் சொல்லிக்கொடுத்தபடி எடைபோட ஆரம்பித்தேன். நம் கல், அவர் கல், அவர் கல், நம் கல்.

பத்து மில்லிகிராம் தகடு பன்னிரண்டு மைக்ரோகிராம் கூடுதலாகக் காட்டியது. அனுமதிக்கப்பட்ட எல்லை அதைவிடக் குறைவு. மறுபடி போட்டேன். பன்னிரண்டு. இருபது மில்லிகிராம் தகடு அதைவிடக் கூடுதல். ஐம்பது இன்னும் கூடுதல். பெட்டியில் எல்லாமே ஏறியிருந்தன. என் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. அந்த அறையில் யாருக்குமே வியர்க்காது. எனக்கு வியர்த்தது.

அப்போதுதான் மனைவிக்கு அந்த போன்.

பிறகு மேடத்திடம் போனேன். முதலில் எண்களை மட்டும் சொன்னேன். அவர் வந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, ஒரு தகட்டை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அடுத்தது. அதற்கடுத்தது.

"கீழ்ப்பக்கம் பளபளன்னு இருக்கு. மேல்பக்கம் மங்கலா இருக்கு. எல்லாத்திலயும் அப்படித்தான்" என்றார். "மேலேர்ந்து ஏதோ விழுந்திருக்கு. பெட்டி திறந்திருந்தப்போ."

மேலிருந்து. பெட்டி திறந்திருந்தபோது.

"மேடம், அது நான்தான்."

"என்ன நீதான்?"

"தும்மினேன்."

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். வேறு எந்த மேலதிகாரியாக இருந்தாலும் அந்த இடத்திலேயே என் கதை முடிந்திருக்கும். அவர் முகத்திலோ ஒரு வெளிச்சம் வந்தது.

"எவ்வளவு தூரத்திலேர்ந்து?"

"இவ்வளவு" என்று கையை விரித்துக் காட்டினேன்.

"சரி. தும்மலோட எடை என்னன்னு பார்த்துடுவோம்."

"மேடம்?"

"நீ சொல்ற, நான் நம்பிடணுமா? நிரூபி."

அலுமினியத் தாளைத் தகடுகளின் அளவில் வெட்டினோம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடைபோட்டோம். தராசு அறைக்கு வெளியே, தாழ்வாரக் கோடியில், ஒரு தட்டில் அவற்றை வரிசையாக அடுக்கி மேடம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். நான் எதிரே நின்றேன். தும்மல் வரவில்லை.

காலையில் கேட்காமலே வந்தது, இப்போது எட்டிக்கூடப் பார்க்கவில்லை! கேன்டீனுக்கு ஓடினேன்.

"அக்கா, கொஞ்சம் மிளகுத்தூள் குடுங்க."

"எதுக்கு? ரசமா?"

"தும்மறதுக்கு."

"அதுக்கு எதுக்கு மிளகு? உன் பழைய பைக் புகையே போதுமே" என்றார் கேன்டீன் அக்கா. என் பைக்கை ஊரே விட்டுவைக்கவில்லை.

மிளகை முகர்ந்தேன். வந்தது, எப்படி வந்தது! மேடம் கண்ணை மூடிக்கொண்டார், ஆனால் தட்டை அசைக்கவில்லை. மறுபடி ஒன்று. மூன்றாவதை வேண்டாம் என்றார். தட்டை மூடி உள்ளே எடுத்துப்போனோம்.

முதல் துண்டை வைத்ததும் எண் கிடுகிடுவென ஏறி நின்றது, பிறகு எங்கள் கண்ணெதிரே இறங்கத் தொடங்கியது. ஈரம் ஆவியாகிறது! என் தும்மல் காய்வதைத் தராசு மைக்ரோகிராம் மைக்ரோகிராமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் வாயைப் பிளந்து பார்த்தேன். எத்தனை பேருக்குத் தன் தும்மல் உலர்வதை எண்ணில் பார்க்கும் வாய்ப்பு கிடைத்திருக்கும்? வேலை போகப்போகிற மனிதன் அப்படிச் சந்தோஷப்படக் கூடாது. ஆனாலும் பட்டேன். "மேடம், இன்னும் இறங்குது பாருங்க, இறங்குது!" என்று கூவினேன். "மெதுவா" என்றார் மேடம், ஆனால் அவரும் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

காய்ந்து நின்றபோது முதல் துண்டில் நாற்பது மைக்ரோகிராமுக்கு மேல் மிச்சம். இரண்டாவதில் இரண்டோ மூன்றோ. மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. நான்காவதில் மறுபடி நிறைய.

மேடம் ஒரு தாளில் ஒவ்வொரு தகட்டின் பரப்பையும் எழுதி, காதர் கொண்டுவந்த கற்களில் கூடியிருந்த எடையைப் பக்கத்தில் எழுதினார். நகத்தால் மேசையை இரண்டு முறை தட்டினார்.

"தும்மல் துளித்துளியா விழும். ஒண்ணுல நிறைய, ஒண்ணுல இல்ல. இதைப் பாரு. தகடு எவ்வளவு பெருசோ அவ்வளவு கூடியிருக்கு, ஒரே சீரா. பெயின்ட் அடிச்ச மாதிரி. இது துளி இல்ல குணா, புகை. இல்லன்னா ஆவி. பெட்டி வேற எங்கேயோ, ரொம்ப நேரம் திறந்து கிடந்திருக்கு." பிறகு அவர் குரல் இன்னும் தாழ்ந்தது. "எப்போன்றதுதான் கேள்வி. மருந்து எடைபோடறதுக்கு முன்னாடியே இது படிஞ்சிருந்தா, அந்தப் பையன் மொத்தத்தையும் எரிக்கத்தான் வேணும்."

என் கழுத்து தப்பிய மகிழ்ச்சி அரை நிமிடம்கூட நிலைக்கவில்லை. காதரை அழைத்தோம். மதியம் வந்தார். எண்களைக் கேட்டதும் நாற்காலியைத் தேடாமலே உட்காரப் போனார். நல்லவேளை நான் தள்ளிவிட்டேன், நாற்காலியைத்தான்.

"பெட்டியை எங்கயாச்சும் திறந்து வச்சிருந்தீங்களா மிஸ்டர் காதர்?"

"இல்ல மேடம். தராசு ரூமை விட்டு அது வெளிய போறதே..." நிறுத்தினார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை."

"வெள்ளிக்கிழமை என்ன?"

"ஆயுத பூஜை."

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் என்னைப் பார்த்தார்.

"மெயின்டனன்ஸ்ல இருக்கிற அண்ணனுங்க வருஷா வருஷம் வொர்க்‌ஷாப்புல செய்வாங்க மேடம். ஸ்பானர், டிரில், ஃபோர்க்லிஃப்ட் எல்லாத்துக்கும் பொட்டு வச்சு வரிசையா நிறுத்துவாங்க. உங்க டிபார்ட்மென்ட் ஆயுதம் எங்கன்னு கேட்டாங்க. தராசைத் தூக்க முடியாது. அதான் கல்லுப் பெட்டியைக் கொண்டுபோய் நடுவுல வச்சேன்."

"மூடித்தானே வச்சீங்க?" என்று கேட்டேன், கெஞ்சலாக.

"மூடித்தான் வச்சேன் அண்ணே. அப்புறம் எல்லாருடையதும் திறந்திருக்கு, நம்மது மட்டும் மூடியிருந்தா மரியாதையா இருக்காதேன்னு நானே திறந்து விட்டேன். சாம்பிராணி போட்டாங்க. நல்லா போட்டாங்க. பூஜை முடிஞ்சு சாப்பாடு முடியற வரைக்கும் திறந்தேதான் இருந்துச்சு." முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். "கையால தொடலை மேடம். சத்தியமா யாரும் தொடலை."

மேடம் கணக்குத் தாளை மடித்து வைத்தார். பிறகு, "எங்க சர்ச்சிலயும் சாம்பிராணி உண்டு மிஸ்டர் காதர். ஆனா நான் எடைக்கல்லைப் பூசைக்குக் கூட்டிட்டுப் போறதில்ல" என்றார்.

நான் சிரிப்பை விழுங்கியதில் இருமல் வந்தது. "வெளிய போய் இருமு" என்றார்.

திரும்பி வந்தபோது அவர் காதரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "மருந்து எடைபோட்டது எப்போ?"

"புதன்கிழமை மேடம். பூஜைக்கு முன்னாடி."

"அப்போ ஒரே வழி. இப்ப இருக்கிற எடையை அப்படியே பதிவு பண்ணியாச்சு. நீங்க சம்மதிச்சா கல்லைக் கழுவறோம். போன வருஷ எடைக்குத் திரும்பி வந்தா, மாற்றம் முழுக்க இந்தப் புகையாலதான். புதன்கிழமை கல்லு சரியா இருந்துச்சுன்னு நான் எழுதிக் குடுப்பேன். திரும்பலன்னா, தேய்மானமோ வேற ஏதோ இருக்கு. அப்போ நான் எதுவும் எழுத மாட்டேன்."

"திரும்பிடுமா மேடம்?"

"எனக்கு எப்படித் தெரியும்? மெஷின்தான் சொல்லணும்."

காதர் சம்மதித்தார். ஒவ்வொரு தகட்டையும் தூய ஸ்பிரிட்டில் மெல்ல அலசி, தூசி விழாத கூண்டுக்குள் உலர வைத்தோம். உடனே எடைபோட முடியாது. அது நிலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். மறுநாள் வரை.

மறுநாள் காலை காதர் நாங்கள் கதவைத் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றார். கையில் தொலைபேசி. ஆஸ்பத்திரி மருந்தகத்திலிருந்து மறுபடி கேட்டார்களாம், என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் எடுக்கவில்லையாம். அவரை உள்ளே விட முடியாது. தராசு அறைக்கு ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு, அதற்கு வெளியே நின்றார். அவர் மூச்சில் கண்ணாடி மங்கும், துடைப்பார், மறுபடி மங்கும்.

மேடம் என்னை உட்காரச் சொன்னார். "நீயே போடு."

"எனக்குக் கை நடுங்குது மேடம்."

"கை நடுங்கினா பரவாயில்ல. இடுக்கி நடுங்கக் கூடாது."

சும்மா உட்கார்ந்திருந்தேன். உடம்பு அறைக்குப் பழகியது, மனசுதான் பழகவில்லை. முகக்கவசம் மூக்குக்கு மேலே, கண்ணுக்குக் கீழே, இன்னும் கொஞ்சம் ஏற்றியிருந்தால் வழியே தெரிந்திருக்காது. நம் கல். எண் அலைந்து நின்றது. காதரின் பத்து மில்லிகிராம் தகடு. எண் ஓடியது. ஏறி, இறங்கி, ஏறி... நிற்கவே மாட்டேன் என்றது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். மூச்சை அடக்கக் கூடாது, பின்னால் மொத்தமாக விட வேண்டி வரும் என்று முதல் வாரமே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எல்லாம் மறந்துபோனது. நின்றது. மறுபடி அதே தகடு. மறுபடி நம் கல். கழித்துப் பார்த்தேன்.

போன வருஷ எடைக்கும் இதற்கும் ஒரு மைக்ரோகிராம்கூட வித்தியாசமில்லை.

இருபது. ஐம்பது. நூறு. ஒவ்வொன்றும் வீடு திரும்புகிற பிள்ளை மாதிரி தன் பழைய எண்ணில் வந்து உட்கார்ந்தது. நான் திரும்பி ஜன்னலைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினேன். கண்ணாடி மங்கியிருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. அவர் துடைத்தபோது நான் இரண்டு கட்டைவிரலையும் உயர்த்தி நாற்காலியில் ஆடிக்கொண்டிருந்தேன். வெளியே காதர் குதித்தது எனக்குக் கேட்டது. தராசுக்கும் கேட்டது, கடைசி எண் துள்ளியது.

"குணா," என்றார் மேடம், "அந்தக் கடைசி எடையை மறுபடி போடு."

போட்டேன். அதுவும் சரியாக இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை பூஜையில் திறந்திருந்த பெட்டிக்குள் சாம்பிராணிப் புகை இறங்கி, தகடுகளின் மேல்பக்கத்தில் மெல்லிய படலமாகப் படிந்தது. பத்து மில்லிகிராம் தகட்டில் அந்தப் படலத்தின் எடை பன்னிரண்டு மைக்ரோகிராம். புதன்கிழமை மருந்தை எடைபோட்டபோது கற்கள் சரியாக இருந்தன. மேடம் கையெழுத்திட்ட சான்றிதழைக் காதர் எடுத்துப்போனார். மாத்திரைகள் அன்று மாலை லோரியில் ஏறின.